சாமி ஏறாத குதிரை

என் சித்தப்பா மலேசியாவில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். ஆனால் அவர் மனசெல்லாம் ஒரு வெள்ளைக்காரரிடம் இருந்தது. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் குதிரை வரைந்தே பேர் வாங்கிய ஓவியர் அவர். பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் அவருடைய படப் புத்தகம் கிடைத்ததிலிருந்து சித்தப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. தோல் பதனிடுபவரின் மகனாம். செத்த குதிரைகளைப் பண்ணைவீட்டில் கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் தோலை உரித்து, நரம்பு நரம்பாகப் பார்த்து வரைந்தாராம். இதையெல்லாம் சோறு சாப்பிடும்போதுதான் சொல்வார். அம்மா தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்தச் சமயம் எங்கள் பக்கத்து முனீஸ்வரர் கோயிலில், திருவிழாவுக்காகச் சுவரில் குதிரைமேல் வரும் சாமியை வரைய ஆள் தேடினார்கள். சித்தப்பா கையைத் தூக்கிவிட்டார். அதன்பின் லீவு நாளெல்லாம் அவருக்கு அந்தச் சுவரே கதி.

வெள்ளிக்கிழமை மறைப்புத் துணியை விலக்கியதும் கூட்டம் சுவரை நெருங்கி வந்தது. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது ஒரு செம்பழுப்புக் குதிரை. வயிற்றில் ஓடும் நரம்புகூடத் தெரிந்தது. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, பின்னால் ஒரு மரம்கூட இல்லை. புத்தகத்தில் வெள்ளைக்காரர் அப்படித்தான் வரைந்திருந்தார். முதுகிலும் ஆளில்லை.

கோயில் தலைவர் அண்ணாந்து பார்த்தார். "குதிரை நல்லாத்தான் இருக்கு. சாமி எங்க தம்பி?"

சாமியை ஏற்றினால் குதிரையின் முதுகு மறைந்துவிடும் என்றார் சித்தப்பா. அது எடுபடவில்லை. காலையில் வெள்ளையடித்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவது என்று முடிவானது. சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும். இத்தனை பெரியவர்களுக்கு இதுகூடவா தெரியாது? அப்பாவும்தான் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் வருகிறார்.

"சாமி இறங்கிருச்சு அங்கிள்," என்றேன். "இங்கதான் எங்கயாச்சும் நிக்கும்."

தலைவர் சட்டென்று தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்த பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டார். மற்றவர்களும் கும்பிட்டார்கள்.

"இருக்கட்டும் லா," என்றார் தலைவர். "சுவத்துல யாரும் கை வைக்க வேணாம்."

சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐஸ் கச்சாங் கடைக்கு ஓடினார். வழியெல்லாம் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் பட்டுவிட்டது போல என்று நினைத்தேன். அந்தச் சுவர் வெள்ளையாகியிருந்தால் அவர் மறுபடி தூரிகையைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஐஸ் மேல் இன்னும் கொஞ்சம் சிவப்புச் சர்பத் ஊற்றச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தேன்.