அண்டா அறைக்கு ஆறு மில்லி

தொழிற்சாலைகளுக்கு ரெசின் என்ற பிசினை ஊற்றித் தரை போடும் வேலையில் அவளுக்கு இருபது வருஷ அனுபவம். எல்லோருக்கும் அவள் மேஸ்திரி. ஒப்பந்தம் எடுக்கிற தம்பிக்கு மட்டும் அக்கா. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் அவள் முதலில் தரையைப் பார்க்க மாட்டாள். அதைக் கழுவுகிறவர்களைத் தேடிப் போவாள்.

பால் தொழிற்சாலையிலும் அப்படித்தான். அண்டாக்கள் இருந்த அறையில், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"என்ன தண்ணிம்மா ஊத்துறீங்க?"

"கொதிக்கக் கொதிக்கத்தான், மூணு வேளையும். அது ஆறுறதுக்குள்ள பச்சத்தண்ணி. பழைய தரை உரிஞ்சு, போன மாசம் ஒருத்தி வழுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா."

மேஸ்திரிக்கு அது போதும். நேராக மேனேஜரிடம் போனாள்.

"பேக்கிங் அறைக்கு ரெண்டு மில்லிமீட்டர் கனம் போதும் சார். அங்க ஆறு கேட்டா நானே சண்டைக்கு வருவேன். ஆனா அண்டா அறைக்கு ஆறு மில்லி. அதுவும் வெந்நீர் தாங்குற சரக்கு."

மேனேஜர் கைபேசியில் கார் ஷோரூம் படம் ஒன்றைக் காட்டினார். "எல்லா இடமும் இப்படி மின்னணும். ரெண்டே போடுங்க. சீக்கிரம் முடியும்."

"காருக்கு யாரு சார் வெந்நீர் ஊத்துறா?"

தம்பி அவளை ஓரமாக இழுத்துப் போனான். "அக்கா, கேட்டதப் போட்டுட்டுக் கிளம்புவோம். ஆறு மாசம் தாங்கும்."

"ஏழாவது மாசம் வழுக்கி விழ நீ வருவியா?"

அக்காவை மடக்க அவனுக்கு ஒரு வழி தெரியும். பிசின் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் மருந்து ஒரு டப்பா என்று வரும் சரக்கு இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டால் இருபது நிமிஷம்தான் கெடு. அதற்குள் தரையில் ஊற்றிப் பரப்பாவிட்டால் வாளியோடு கல்லாகிவிடும். கலந்த வாளியை அவள் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அவன் இரண்டு மில்லிக்கான சரக்கைக் கலக்கி, அண்டா அறைக்குக் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்தான். "ம், பரப்பு."

மேஸ்திரி ஒரு காலி வாளியைக் கவிழ்த்தாள். அண்டாவுக்குக் கீழே, சரக்கை ஊற்ற வேண்டிய இடத்தில், அதன்மேல் சட்டமாக உட்கார்ந்தாள்.

"அக்கா, எந்திரி."

"மாட்டேன்."

"பத்து நிமிஷம் போச்சு!"

"போகட்டும்."

அவளுக்கும் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கலந்த வாளி சூடேறியது. கொஞ்ச நேரத்தில் புகைய ஆரம்பித்தது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "என்னய்யா, தீ கீ பிடிச்சிருச்சா?"

"இல்ல சார்," என்றாள். "உங்க ரெண்டு மில்லி வேகுது."

தம்பி ஒரு குச்சியால் குத்திப் பார்த்தான். இறங்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா?"

"அடுத்த வாளியக் கலக்குடா. இருக்கிற அத்தனையும் கலக்கு. நான் இங்கதான் இருக்கேன்."

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூட்ஸ் பெண் உள்ளே வந்து மேஸ்திரியின் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தரை கழுவுகிறவர்கள் இன்னும் மூன்று பேர்.

மேனேஜர் அவர்களைப் பார்த்தார், புகையும் வாளியைப் பார்த்தார், கடைசியில் தம்பியிடம் கேட்டார்:

"ஆறு போட்டா எத்தன நாளாகும்?"

"அத என்கிட்ட கேளுங்க," என்றாள் மேஸ்திரி, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே.