என் இரண்டாவது வாக்கியம்

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள வங்கி மூழ்கப்போவதாகப் போன வாரம் வதந்தி பரவியது. நானும் ஏடிஎம் வரிசையில் நின்றேன். காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார். அந்தக் கரகரப்பு என்னைத் திண்டுக்கல்லுக்கு, ஒன்பது வயதுக்குக் கொண்டுபோனது.

எங்கள் தெருவே ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டிருந்தது. அது தள்ளாடுவதை அங்கிருந்த குமாஸ்தா அப்பாவிடம் மட்டும் சொன்னார்.

"பாதி வந்திருச்சு பாப்பா. மீதி வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத," என்றார் அப்பா.

அம்மா வேலைக்குப் போவதால் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தைதான் தினமும் எனக்குத் தலைவாரி விடுவார். மகள் கல்யாணத்துக்கான பணம் முழுவதும் அவருக்கு அங்கேதான் இருந்தது. வியாழக்கிழமை, தேங்காய் எண்ணெய்க் கையோடு கேட்டார்: "ஏத்தா, ஆளாளுக்கு என்னமோ சொல்றாக. ஒங்கப்பாரு பணத்த எடுத்துட்டாரா?"

"இல்லத்த. இன்னும் போடப் போறாராம்."

முதல் வாக்கியம் அப்பாவுக்காகச் சொன்னது. இரண்டாவதை யாரும் சொல்லித்தரவில்லை.

"அப்பச் சரி. அவரு போட்டா கண்ண மூடிட்டுப் போடலாம்," என்று சிரித்தவர், மறுநாள் தன் வளையலை விற்று அந்தப் பணத்தையும் கட்டினார். அதே நாளில் எங்கள் மீதிப் பணம் வந்துவிட்டது. சனிக்கிழமை நிறுவனம் திறக்கவில்லை. கல்யாணம் நின்றது.

திங்கட்கிழமை காலையும் அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்கள் வீங்கியிருந்தன. சிக்கெடுத்துக்கொண்டே, "பாவம், ஒங்கப்பாருக்கு எம்புட்டுப் போச்சோ," என்றார்.

அவர் வகிடெடுக்க வாகாகத் தலையை நேராக வைத்துக்கொண்டேன்.