வெள்ளிக்கிழமைன்னா அப்பா நல்லா ஆடுவாரு

அண்ணன் கல்ஃபுக்குப் போனப்ப அவன் மக அண்ணி வயித்துல இருந்தா. நடுவுல ஒரு தடவை லீவுல வந்தான். அப்ப அவளுக்கு ஒண்ணரை வயசு. மீசையைப் பார்த்ததும் அலற ஆரம்பிச்சவ, அவன் திரும்பிப் போற வரைக்கும் நிறுத்தல. அதுக்கப்புறம் அவளுக்கு அப்பான்னா ரெண்டே விஷயம்தான். ஷோகேஸ்ல இருக்கிற போட்டோ, அப்புறம் கேசட்டு.

கேசட்டு எதுக்குன்னா, மட்டாஞ்சேரில எங்க தெருவுல தமிழ் பேசறவங்க நிறைய இருந்தாலும் எழுதத் தெரிஞ்சவங்க கம்மி. பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் மலையாளம். நான் ஒன்பதாம் கிளாஸோட நிறுத்தினதால ரெண்டுலயும் பெரிய பண்டிதன் இல்ல. அதனால கல்ஃப்ல இருக்கிறவங்களுக்கு வீட்டு விஷயமெல்லாம் டேப்ரெக்கார்டர்ல பேசி அனுப்பறதுதான் வழக்கம். போறவங்க கையில ஒரு கேசட்டு, வர்றவங்க கையில ஒரு கேசட்டு. அண்ணன் மக குட்டியும் பேசுவா. "அப்பா, சாப்பிட்டாச்சா"ன்னு இன்னிக்குக் கேட்பா, ஒரு மாசம் கழிச்சு "சாப்பிட்டேன் மோளே"ன்னு பதில் வரும். அதுல அவளுக்கு ஒரு குழப்பமும் இல்ல. பெட்டிக்குள்ள அப்பா இருக்காரு, பேசறாரு, கொஞ்சம் மெதுவா பேசறாரு, அவ்வளவுதான்.

யாரு லீவுல வந்தாலும் அண்ணன் அவளுக்கு ஏதாவது விளையாட்டுச் சாமான் குடுத்தனுப்புவான். முதல்ல வந்தது தண்ணி நிரப்பின ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பட்டனை அமுக்கினா உள்ள குட்டி குட்டி வளையமெல்லாம் மேல பறந்து ஒரு கம்பியில மாட்டணும். மாட்டாது. மாட்டற மாதிரி வந்து விழும். அடுத்தது உள்ளங்கை அளவுல ஒரு கேம். கறுப்பா ஒரு ஆளு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி முட்டை பிடிப்பான். பேட்டரி தீர்ற வரைக்கும் பிடிச்சான். அந்தப் பொட்டு மாதிரி பேட்டரி மட்டாஞ்சேரில எங்கயும் கிடைக்கல. வாட்ச் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இதை வாங்கணும்னா உங்க அண்ணன் இருக்கிற இடத்துக்கே போயிடுன்னு சொன்னாரு.

மூணாவதா வந்ததுதான் டிவி கேம்.

கறுப்புப் பெட்டி, ரெண்டு ஒயர், ஒவ்வொரு ஒயர் முனையிலயும் ஒரு குச்சி. டிவிக்குப் பின்னால ஆன்டெனா ஒயரைக் கழட்டிட்டு இதைச் சொருகணும். சொருகிட்டுச் சேனலைத் திருகித் திருகி நான் ஒரு மணி நேரம் திரையில புள்ளி புள்ளியா மழை பெய்யறதையே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிக்சர் டியூப் எரிஞ்சு போகும்னாரு. இன்னொருத்தர் பிள்ளைக்குக் கண்ணு போகும்னாரு. கடைசில படம் வந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவுல ஒரு பந்து. எரியும்னு சொன்னவரும் கண்ணு போகும்னு சொன்னவரும் ராத்திரிச் சோத்துக்குத்தான் எழுந்து போனாங்க.

மறுநாள் குட்டி தனியா ஆட உட்கார்ந்தா. ஒத்தை ஆளு ஆடினா எதிர்க்கோட்டை மெஷினே நகர்த்தும். அவ கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அந்தப் பக்கம் யாரு சித்தப்பா?"ன்னு கேட்டா.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "உங்கப்பாதான்"னேன்.

சிரிப்பான்னு பார்த்தா, பாவாடையை இழுத்துவிட்டுக்கிட்டு ஒழுங்கா உட்கார்ந்தா. டேப்ல பேசற அப்பா டிவில ஆடமாட்டாரா என்ன? அன்னியிலேர்ந்து ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் வேலை, டிவி முன்னாடி பாயை விரிச்சு "அப்பா, நான் வந்தாச்சு"ன்னு சொல்றது. அப்புறம்தான் சுவிட்சு.

விளையாட்டை ஆரம்பிச்சாச்சு, நானும் விடல. பெட்டியில ஒரு சின்ன சுவிட்சு உண்டு. ஒரு பக்கம் தள்ளினா மெஷின் கண்ணு தெரியாத மாதிரி ஆடும், இன்னொரு பக்கம் தள்ளினா விடவே விடாது. கல்ஃப்ல வெள்ளிக்கிழமை லீவு. அதனால வெள்ளிக்கிழமை மட்டும் நைசா சுவிட்சைத் தள்ளிவிடுவேன். மத்த நாள்ல அவ ஜெயிச்சா, உங்கப்பா வேலை செஞ்சு தளர்ந்து வந்திருக்காருன்னு சொல்வேன். வெள்ளிக்கிழமை தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கினா, உங்கப்பா நல்லாத் தூங்கி எழுந்து சாயா குடிச்சுட்டு ஆடறாரு, உங்கப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாதுன்னு ஆரம்பிச்சுடுவேன்.

அது பொய்யில்ல. நாங்க சின்னப் பசங்களா பஜார் ரோட்டு குடோனுக்குப் பின்னால கோலி ஆடுவோம். தோத்தவன் கையை மடக்கித் தரையில வைக்கணும், ஜெயிச்சவன் கோலியால விரல் முட்டியில அடிப்பான். தம்பியாச்சேன்னு அண்ணன் ஒருநாளும் மெதுவா அடிச்சதில்ல. இன்னிக்கும் குடோன் வேலையில மிளகுச் சாக்கு தைக்கறப்ப வலது கை நடுவிரல் மடங்க யோசிக்கும். இதையெல்லாம் குட்டிக்குச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. அடுத்த தடவை ஜெயிச்சதும் எழுந்து போய் டிவி கண்ணாடியில, அந்தப் பக்கத்துக் கோட்டு மேல, விரலைச் சுண்டி ஒரு அடி வச்சுட்டு வந்தா.

அண்ணிக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் மத்தியானம் நான் குடோன்லேர்ந்து சோத்துக்கு வந்தேன். குட்டி ஸ்கூல்ல. அண்ணி தனியா பாயில உட்கார்ந்து குச்சியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. சுவிட்சு கஷ்டமான பக்கம் கிடந்தது போல, ஒரு பந்தையும் எடுக்க முடியல. என்னைப் பார்த்ததும் குச்சியைக் கீழ வச்சுட்டு, "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே. எதுக்கு இப்படி அடிக்கிறாரு?"ன்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போனாங்க. மீன் குழம்பை ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போனேன்.

குட்டிக்கு ஆறு வயசானப்ப அண்ணன் ரெண்டு மாச லீவுல வந்தான். மீசையை எடுத்துட்டு வந்தான், போன தடவை நினைப்புல. இந்தத் தடவை அவ அலறல. அதைவிட மோசம், மரியாதையா இருந்தா. தள்ளி நின்னு, வாங்க உட்காருங்கன்னா. சாக்லேட் குடுத்தா வாங்கிக்கிட்டு தேங்க்ஸ் சொன்னா. தண்ணி வேணுமான்னு வந்த விருந்தாளியைக் கேட்கற மாதிரி கேட்டா. அப்பான்னு மட்டும் கூப்பிடல. ஒரு வாரம் போச்சு. அண்ணன் அவ ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம் பார்த்து சட்டையை மாத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பெண் பார்க்கப் போனப்பகூட அப்படி உட்கார்ந்ததில்லன்னு நான் சொன்னேன். அவன் சிரிக்கல.

அதுவரைக்கும் விருந்தாளி இருக்கிறாருன்னு கேமை எடுக்காம இருந்தவ, ஒருநாள் பொறுக்க முடியாம பாயை விரிச்சா. அண்ணன் நாற்காலில சாயா குடிச்சுக்கிட்டு இருக்கான். இவ டிவியைப் பார்த்து, "அப்பா, நான் வந்தாச்சு"ன்னா.

அண்ணன் கிளாஸைக் கீழ வச்சான். "யாருகிட்ட மோளே பேசற?"

"எங்கப்பாகிட்ட. கல்ஃப்ல இருந்து ஆடறாரு. இன்னிக்கு தளர்ந்து இருப்பாரு, நீங்க வேணும்னா பாருங்க."

அண்ணி அடுக்களைக்குப் போயிட்டாங்க. அண்ணன் என்னைப் பார்த்தான். இந்த மாதிரி ஒரு வேலையை வேற யாரும் செஞ்சிருக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். எழுந்து வெளிய போனான். நானும் பின்னால போனேன். அடி விழும்னா தெருவுல விழட்டும், வீட்டுக்குள்ள வேண்டாம்.

போட் ஜெட்டி வரைக்கும் நடந்தான். அங்க நின்னு எறணாகுளத்துக்குப் போற போட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டான்.

"நல்லா ஆடறானாடா, அந்த அப்பன்?"

"வெள்ளிக்கிழமை நல்லா ஆடறான்"னேன்.

உண்மையைச் சொல்லிடலாமா, அது வெறும் மெஷின்னு நானே சொல்றேன்னு கேட்டேன். வேண்டாம்னான். இருக்கிற அப்பனையும் பிடுங்கிட்டா பிள்ளைக்கு என்ன மிஞ்சும்னு கேட்டான். அப்புறம், "எனக்கு ஆடச் சொல்லிக்குடு"ன்னான்.

வாங்கி அனுப்பினவன் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்ல. எட்டு பேர் படுக்கற ரூமுல டிவி எங்க வைக்க? ஆனா அவன் ஆடினதைச் சொல்லியே ஆகணும். கட்டட வேலையில இரும்பு வளைக்கிற கை, குச்சியை ரெண்டா ஒடிக்கப் போற மாதிரி பிடிச்சான். கோடு மேல போகணும்னா இவன் நாற்காலிலேர்ந்து எழுந்துக்குவான். கோலியில என் விரலை உடைச்ச ஆளு, நான் எருமை வேகத்துல விட்ட பந்தை எல்லாம் தவற விட்டான். அண்ணி சேலைத்தலைப்பை வாயில வச்சுக்கிட்டு சிரிச்சாங்க. அவன் லீவுல வந்ததுலேர்ந்து அந்த வீட்டுல முதல் சிரிப்பு. குட்டி ஸ்கூல்ல இருக்கிற நேரமெல்லாம் பழகினான்.

திட்டம் என்னோடது. ரேடியோக்கடைச் சேட்டனைப் பிடிச்சு ரெண்டாவது குச்சியோட ஒயரை நீட்டினோம். டிவி முன்னாடி விரிக்கிற பாய்க்கு அடியில விட்டு, பின்னால அடுக்களைத் திரைச்சீலை வரைக்கும் கொண்டுபோனோம். திரைக்கு அந்தப் பக்கம், அரிசி டின்னுக்கும் அம்மிக்கும் நடுவுல, இடுக்கு வழியா டிவி தெரியற மாதிரி அண்ணன் குந்திக்கிட்டான். குட்டி வந்து "அப்பா, நான் வந்தாச்சு"ன்னா. நான் ரெண்டு ஆளு ஆடற ஆட்டத்தைப் போட்டேன்.

அந்தப் பக்கத்துக் கோடு முதல்ல பந்தைத் தொடவே இல்ல. மேலயும் கீழயும் ரெண்டு தடவை மெதுவா போச்சு.

"சித்தப்பா, அப்பா தலையாட்டறாரு"ன்னா.

மெஷின் அதெல்லாம் பண்ணாது. இவ தன் கோட்டையும் அதே மாதிரி ஆட்டினா. திரும்ப அந்தக் கோடு தலையாட்டுச்சு. பந்து பாட்டுக்கு வந்து போய்க்கிட்டு இருக்கு, ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்ல. அப்புறம் அவ தொடைக்கு அடியில என்னமோ உறுத்துச்சு. நகர்ந்து உட்கார்ந்தா. பாயைத் தூக்கினா. ஒயர்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள குனிஞ்சு ஒயரைக் கையால பிடிச்சுக்கிட்டே போனா. கிணத்துக் கயிறு இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டே போனா. திரையைத் தள்ளினா, வேர்த்துக் கொட்டிக்கிட்டு அண்ணன். கையில குச்சி. எழுந்திருக்கவும் தெரியல, ஒளிஞ்சுக்கவும் தெரியல.

கொஞ்ச நேரம் அவனையே பார்த்தா. அப்புறம் குச்சியைப் பார்த்தா. திரும்பி டிவியைப் பார்த்தா. அவளுக்கு விஷயம் பிடிபட்டுப் போச்சு. அவ கணக்குல அதுவரைக்கும் ஆடினது எல்லாமே இந்த ஆளுதான்.

"கையை மடக்கித் தரையில வைங்க"ன்னா.

அண்ணன் என்னைப் பார்த்தான். வைன்னு நான் ஜாடை காட்டினேன். வச்சான். அவ குந்தி உட்கார்ந்து, விரலைச் சுண்டி, முட்டி முட்டியா அடிச்சா. என் விரலுக்கும் சேர்த்து விழட்டும்னு நான் தடுக்கல.

"வெள்ளிக்கிழமை எல்லாம் அப்படி அடிக்கக் கூடாது அப்பா"ன்னா.

"இனிமே அடிக்கமாட்டேன் மோளே"ன்னான் அண்ணன். நான் பண்ணினதுக்கு அவன் பழியை ஏத்துக்கிட்டது வாழ்க்கைல அது ஒண்ணுதான். கையை அவன் தரையிலேர்ந்து எடுக்கவே இல்ல.

மிச்ச லீவெல்லாம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆடினாங்க. அவன் தோத்துக்கிட்டே இருந்தான், விட்டுக்குடுத்து இல்ல, நிஜமாவே. கிளம்பற அன்னிக்கு அவ ரெண்டாவது குச்சியைப் பெட்டியிலேர்ந்து கழட்டி, ஒயரைச் சுத்தி, அவன் பேக்ல துணிக்கு நடுவுல வச்சா. ஒயர் அவ்வளவு தூரம் எட்டுமான்னு ஒரு சந்தேகம் மட்டும் கேட்டா. ரேடியோக்கடைச் சேட்டன்கிட்ட சொல்லியிருக்கேன்னான் அண்ணன்.

அடுத்த கேசட்டுல அண்ணன் எல்லாரையும் விசாரிச்சான். எல்லாம் முடிஞ்சு டேப்பு சும்மா ஓடிக்கிட்டு இருந்தப்ப, கடைசில ஒரு சத்தம். டக், டக். குச்சியை மேலயும் கீழயும் தள்ளற சத்தம். குட்டி எழுந்து பாயை விரிச்சா.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் அவ பார்க்காம சுவிட்சை லேசான பக்கம் தள்ளினேன்.