இறக்கைக்கு முன்னால், வலப்பக்கம்

என் மகன் எனக்கு முதன்முதலாக விமான டிக்கெட் எடுத்தபோது நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கினான். "அம்மா அடிக்கடி பாத்ரூம் போவாங்க நைனா. யாரையும் தாண்டிப் போவ வேணாம்" என்று தன் அப்பாவுக்குப் போனில் விளக்கினான். எனக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அடிக்கடி பாத்ரூம் போகிற வழக்கமும் இல்லை.

கம்ப்யூட்டர் படித்தவர்களையெல்லாம் அமெரிக்காக்காரன் அள்ளிக்கொண்டு போன காலம் அது. என் மகன் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்து, ஹைதராபாத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, அப்படியே போய்விட்டான். மருமகளுக்கு முதல் பிரசவம் என்று என்னை அழைத்தான். என் கணவரை அழைக்கவில்லை. "வீட்டப் பாத்துக்க ஒருத்தர் வோணும் இல்ல?" என்றான். சித்தூரில் எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். அதை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சித்தூர்–திருப்பதி வழியில்தான் அதிகம் ஓடினார். பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரிடம் கேட்டுத்தான் ஏறுவார்கள். காலையில் திருப்பதி போகும்போது வெயில் வலப்பக்கம். சாயங்காலம் திரும்பும்போதும் வலப்பக்கம்தான். அவர் மட்டும் எந்தப் பக்கமும் உட்காராமல் நடுவில் நின்றுகொண்டே வேலைக்காலத்தை முடித்தார்.

அந்த பஸ்ஸில் எப்போதாவது வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் மலைக்குப் போக ஏறும். பெட்டியில் விமானக் கம்பெனி ஒட்டிய காகிதம் இன்னும் கிழிக்கப்படாமல் இருக்கும். இவர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். தெலுங்கோ தமிழோ, அவர்கள் பேசுகிற பாஷையில் விசாரிப்பார். விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், கீழே என்ன தெரிந்தது? சிலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சிலர் உற்சாகமாகச் சொல்வார்கள். இறக்கைக்கு மேல் உட்கார்ந்தால் இறக்கைதான் தெரியும். சில வரிசைகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்கும். ஜெர்மனியில் விமானம் மாறி அமெரிக்கா போகும்போது பகல்வேளை, வலப்பக்கம் உட்கார்ந்தால் கிரீன்லாந்தின் பனிமலைகள் தெரியும், கடலுக்குள் உடைந்து விழுந்த பனிக்கட்டிகள்கூட மேலிருந்து தெரியும் என்று ஒருவர் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐஸு மலைமே. நம்ம மலை மாதிரி கருப்பா இல்ல. அத்தினியும் வெள்ளையாம்."

நான் இரண்டு பிரசவத்துக்குப் போய் வந்தேன். இரண்டு முறையும் நடு வரிசையில், நடைபாதை ஓரம். திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பேரப்பிள்ளையைப் பற்றி அல்ல.

"இன்னா தெரிஞ்சிது?"

"ஒண்ணும் தெரியல. முன்சீட்டு முதுகுதான்."

அவருக்கு அது நம்பும்படியாக இல்லை. அத்தனை தூரம் போய் ஒன்றையும் பார்க்காமல் ஒரு மனுஷி வர முடியுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவர் ரிடையர் ஆனபிறகு மகன் இருவரையும் சேர்த்து அழைத்தான். என் கணவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கிடிகி பக்கம் போடுப்பா. இறக்கைக்கு முன்னால, வலப்பக்கம்." எங்கள் பக்கத்தில் ஜன்னலைத் தெலுங்கில் கிடிகி என்றும் சொல்வோம். மறுமுனையில் மகன் சிரித்தது எனக்கே கேட்டது. ஆனால் சொன்னபடி போட்டுக் கொடுத்தான். அதை மறுக்க மாட்டேன்.

ஜெர்மனியில் மாறி ஏறினோம். அவர் ஜன்னலோரம், நான் நடுவில், எனக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர். விமானம் எழும்பியபோது என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்து, ஆறு, வயல், சின்னச் சின்னக் கார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்புறம் மேகம். அதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டில் வந்த சாப்பாட்டைப் பார்க்காமலே தின்றார்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பணிப்பெண் திரும்பி வந்து, ஜன்னலைக் காட்டிக் கையைக் கீழே இறக்கினாள். எல்லோரும் தூங்க வேண்டும், ஷட்டரை மூடு என்கிறாள் என்று புரிந்தது. மற்ற ஜன்னல்கள் எல்லாம் மூடியாயிற்று. பட்டப்பகலில் அத்தனை பெரிய விமானம் இருட்டாகிவிட்டது. அவர் மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரல் அகலம் தூக்கினார். வெளிச்சம் கத்தி மாதிரி வந்து வெள்ளைக்காரரின் முகத்தில் விழுந்தது. அந்த ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். பணிப்பெண் மறுபடியும் வந்தாள்.

"நம்ம டிக்கெட்டு, நம்ம ஜன்னலு. தொறந்து பாருங்க" என்றேன்.

"வேணாம்மே. தூங்கிக்கினு கீறாங்க இல்ல."

மழை நாளில் பஸ்ஸில் ஷட்டரை மூடச் சொல்லி எத்தனை ஆயிரம் பேரை அதட்டியிருப்பார். சொன்னால் கேட்க வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, அந்தப் பெண்மேல் அல்ல, இவர்மேல். மூடிய ஷட்டரின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, தூங்காமல் உட்கார்ந்திருந்தார். "சில்லுனு கீது" என்று ஒரு முறை சொன்னார். அவ்வளவுதான். விளக்கு போட்டு ஷட்டரைத் திறக்கச் சொன்னபோது கீழே காய்ந்துபோன பழுப்பு நிலம் தெரிந்தது. ஏர்பேட்டுப் பக்கத்துக் கரம்பு மாதிரி இருந்தது.

"திரும்பி வரும்போது பாக்கலாம்" என்றார்.

திரும்பும் பயணம் சேர்ந்து அமையவில்லை. மருமகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததால் நான் இன்னும் சில மாதம் இருக்க வேண்டும் என்று மகன் சொன்னான். அப்பா முன்னால் போகட்டும் என்றான். "இங்க சும்மாதானே உக்காந்துக்கினு கீறாரு" என்று என்னிடம் தனியாகச் சொன்னான். சும்மா இல்லை. அவர் தினமும் அந்த ஊர்த் தெருக்களில் நடந்துவிட்டு வருவார். யாரோ அண்டை வீட்டுக்காரர் இவர் யார் என்று விசாரித்ததிலிருந்து மகனுக்கு அது பிடிக்கவில்லை.

டிக்கெட் எடுத்தபோது சக்கர நாற்காலியும் கேட்டிருந்தான்.

"நல்லா நடக்கிற மனுசனுக்கு எதுக்குடா அது?" என்றேன்.

"அவருக்கு இங்கிலீஷ் வராதும்மா. நாற்காலி போட்டா அவங்களே தள்ளிக்கினு போய் மாத்தி ஏத்தி விட்ருவாங்க. எல்லாரும் இப்படித்தான் அனுப்பறாங்க."

"சீட்டு?"

"நடைபாதைதான். பாத்ரூம் பக்கத்துல. ஒரு தபா ஜன்னல்ல வந்தாரு இல்ல?"

என் கணவர் பக்கத்து சோபாவில்தான் இருந்தார். நான் முகத்தைப் பார்த்தேன். பேத்தியின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சின்ன வயதிலிருந்து நின்றே பழகிய மனுஷன். கால்கள் இரண்டையும் சேர்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தள்ளுகிறவன் வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்க முடியாது.

ஊர் போய்ச் சேர்ந்து போன் செய்தார். "இன்னா தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"தலைங்கதான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் விமானப் பேச்சை எடுத்ததில்லை. பின்னால் திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டாவிலிருந்து ஹைதராபாத்துக்கு விமானங்கள் அதிகமாக வந்தபோது, அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக ஊர் வந்திருந்த மகன் எல்லோருக்கும் அதில் டிக்கெட் எடுப்பதாகச் சொன்னான். "உனக்கு ஜன்னல் நைனா" என்றான். "நீங்க போங்க. நா பஸ்ஸுல வரேன்" என்றார். சொன்னபடியே முந்தின நாளே கிளம்பி பஸ்ஸில் வந்தார். கால் வீங்கியிருந்தது. கேட்டால் "நல்லாத்தான் வந்தேன்" என்றார்.

அடுத்த கோடையில் செத்துப்போனார். நெஞ்சுவலி. மகன் மூன்றாம் நாள் வந்தான். காரியத்தன்று பாலசமுத்திரத்திலிருந்து வந்த அவர் பங்காளிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுக்குப் பிறகு மகன் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நைனாவுக்கு ஒரு கொறையும் வைக்கல சித்தப்பா. அமெரிக்கா வரைக்கும் கூட்டிக்கினு போய் எல்லாத்தையும் காட்டிட்டேன்."

நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்தடா காட்டின?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. புரிந்து மழுப்பியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"அம்மா இத்தினி நாளா சரியா தூங்கல" என்று சித்தப்பாவிடம் சொன்னான்.

கிளம்புவதற்கு முன் என்னையும் கூட வரச் சொன்னான். இங்கே தனியாக என்ன செய்வாய் என்றான். பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, காலையில் அனுப்ப ஆள் இல்லை என்றும் சொன்னான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும் என்றேன். அவன் தன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.