அக்காவுக்குப் போட வேண்டிய ஊசி

அக்காவுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் அறுவைச் சிகிச்சை மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் நடந்தது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய உடம்பு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் மனைவி இறந்து ஆறு வருடம். நான் இன்னும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தரும் லயத்து வீடு எங்களிடம் இருந்தது. இரண்டே பேர்தான்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று தமிழ்த் தாதி ஒருவர் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே மருந்து நிரப்பிய சின்ன ஊசிகள். தினமும் ஒன்று, தொப்புளை விட்டுத் தள்ளி வயிற்றில் போட வேண்டும். ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். ஒரு மாதத்துக்கு ஒரு நாளும் விடக் கூடாது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம், அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். இறுக்கமான காலுறையைக் கழற்றக் கூடாது, பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் ஆட்ட வேண்டும், நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு எப்படிப் போடுவதென்று காட்டி, என்னையே அக்காவுக்குப் போடச் சொன்னார். அக்கா சட்டையை விலக்கியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்துப் போடணும்ணே," என்றார் தாதி.

வீட்டில் இரண்டு நாள் போட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் போட்டு முடித்ததும் எழுந்து வெளியே போய்விடுவேன். மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள், அவளே சொன்னாள்:

"நானே போட்டுக்குறேன்டா. ஆஸ்பத்திரி மிஸ்ஸி காட்டுனத நானும் பாத்தேன்தானே. நீ கெளம்புலா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

தினமும் மாலை வந்ததும், ஊசி போட்டாயா என்று கேட்பேன். 'ம்' என்பாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. குளிர் அதிகமாக இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு பகலெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கழிவறை பின்கட்டில், இரண்டு படி இறங்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை படியோரம் ஒரு கம்பி பதித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்று மழை பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் காலை தேநீர் கொண்டுபோனபோது, அவள் இடது கால் செருப்பில் நுழைய மறுத்துக்கொண்டிருந்தது. காலுறை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கெண்டைக்கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. இரண்டு நாளாக வலி என்றாள். உட்கார்ந்தே இருந்தால் வீங்கத்தானே செய்யும் என்று அவளாகவே சமாதானம் சொன்னாள்.

"ஊசி போட்டியாக்கா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளு போட்டேன். வயிறெல்லாம் நீலமா போச்சு. பயந்துட்டேன். ஒன்ன கூப்புட வாய் வரல."

அடுத்த வீட்டுக்காரர் தன் காரில் பக்கத்து ஊரான தானா ராத்தாவின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இளம் மலாய் டாக்டர் காலைப் பார்த்த உடனே மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றோம். வீட்டில் ஊசிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள், நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

ஆம்புலன்சில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். மலையிறங்கும் வளைவுகள் முழுக்க நான் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதற்கும் அசையாதவள் என் கையைப் பிடித்தாள்.

"செத்துருவேனாடா?"

பேசாமல் படு என்று மட்டும் சொன்னேன்.

ஸ்கேனில் கட்டி தொடை வரைக்கும் ஏறியிருந்தது. நுரையீரலுக்குப் போகவில்லை. ஒரு வாரம் வைத்திருந்து, மாதக்கணக்கில் சாப்பிட மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான் விடுப்பு எடுத்தேன். படியோரம் கம்பி பதித்தேன். மாத்திரையை என் கண்முன்னால் விழுங்க வைத்தேன். முற்றத்தில் அவளை நடத்தி, அவள் கூடவே நடந்தேன். அவள் மறுப்பு சொல்லவில்லை.

கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் சாயங்காலமானால் அந்தக் கால் இன்னும் கனத்து வீங்குகிறது. கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடுகிறாள்.

ஒரு நாள் அப்படி நின்றபோது, நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமில்லாமல்தான் பதில் சொன்னாள்.

"நீ என் வயித்த பாக்க வேணாம்னு நெனச்சேன். நானே போட்டுக்குறேன்னதும் நீயும் சரின்னுட்டே."

அவள் மூச்சு சீராகும்வரை பக்கத்தில் நின்றிருந்தேன்.