இடுப்பில் கட்டிய சாக்கு

வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், நோயாளியைச் சமாளிப்பது பாதி. நலம் விசாரிக்க வருகிறவர்களைச் சமாளிப்பது மீதி. அப்பாவையோ அம்மாவையோ வீட்டில் வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஊர் பள்ளிவாசல், மலைமேல் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தாள். இப்போது மலையாள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஆறுச்சாமி ஐயா வீட்டில் இருக்கிறேன். தொழுவத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பிய அன்று நானும் பையோடு வந்து இறங்கினேன். மகன் கோயம்புத்தூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார். மற்ற நாட்களில் ஐயா, மருமகள் கோகிலாக்கா, மாடுகள், நான்.

ஆரஞ்சும் யோசனையும்

டாக்டர் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: பிடித்துக்கொண்டு நடக்கவையுங்கள். பார்க்க வந்தவர்கள் சொன்னதும் ஒன்றுதான்: அசையவிடாதீர்கள். பக்கத்துக் கோபாலபுரத்திலிருந்து சம்பந்தி, கோகிலாக்காவின் அப்பா, ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். ஐயா கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே இறக்கியதும் பதறி ஓடிவந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபடியும் கட்டிலிலேயே வைத்தார். அத்தனையும் பிரியம். பிரியத்தை எதிர்த்துப் பேச எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

நல்லவேளையாக, படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்திலிருந்து வீடு வீடாக வரும் பாலியேட்டிவ் நர்ஸ் சிஸ்டர் அப்போது உள்ளே வந்தார். ஐயாவைத் திருப்பி முதுகைப் பார்த்தார். லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. சம்பந்தியிடம் சிரித்த முகமாகவே, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

"இப்படியே கெடத்தினா புண்ணு வரும், அப்புறம் இவரு எந்திரிக்கவே மாட்டாரு, கேட்டோ. ஆரஞ்ச நீங்க சாப்பிடுங்க."

வாக்கர்

அலுமினிய வாக்கர் ஒன்று வாங்கிவைத்தோம். ஐயா அதைத் தொடவே இல்லை. நான் தோளைக் கொடுத்தால் நடப்பார். பாத்ரூம் வரைக்கும் நடை, கூடத்தில் ஒரு சுற்று. அதுவும் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள் வாசலைக் கடந்து போன பிறகுதான். வாக்கரில் கோகிலாக்கா துண்டு காயப்போட ஆரம்பித்தார்.

என்ன குறை அதில் என்று ஒருநாள் கேட்டேன். ஐயா ஜன்னல் வழியாகத் தொழுவத்தைக் காட்டினார்.

"நாலு காலு இருக்கறதெல்லாம் அங்க கட்டியிருக்குது அம்மிணி. என்னையுங் கொண்டுபோயி அங்கயே கட்டிப்போடு."

லீவு

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஒரு வாரம் லீவு கேட்டேன். மகன் உடனே சரி என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க வர்ற வரைக்கும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல உட்டு வெக்கலாம்னு பாக்கறனுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடக்கவைக்க ஆள் இல்லாவிட்டால் ஐயாவின் கால் விறைத்து மடங்காமல் போய்விடும்.

கோகிலாக்கா இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். உதைக்கிற மாட்டைத் தனியாளாகப் பிடித்துக் கட்டுகிறவர்தான். ஆனால் மாமனாரைத் தொட மாட்டார். அவர் இருக்கும் அறையில் உட்காரக்கூட மாட்டார். சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். ஐயாவும் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிவந்த மரியாதை அது. அதில் பகை துளியும் இல்லை. அதனாலேயே அதை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஐயா காப்பியைத் தொடவில்லை. நான் லீவே வேண்டாம் என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அங்க போனா நான் திரும்பி வரமாட்டேன், அது எனக்குத் தெரியும். அதுக்காவ நீ நிக்காத. பெத்தவள உட்டுப்போட்டு என்னைய எதுக்கு அம்மிணி பாக்கறே?"

அம்மாவின் சாக்கு

பையைக் கட்டும்போது அது கையில் வந்தது. கொழுந்து பறிக்கையில் செடியின் ஈரமும் குச்சியும் படாமலிருக்க அம்மா இடுப்பில் இறுக்கிக் கட்டும் சாக்குத்துணி. வரும்போது மழைக்குப் பையின்மேல் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். சரிவில் யாருக்காவது கால் வழுக்கினால் பக்கத்தில் நிற்கிறவள் இந்தச் சாக்கைத்தான் பிடித்து நிறுத்துவாள். சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஐயாவின் இடுப்பில், வேட்டிக்கு மேல், அதை இரண்டு சுற்றாகக் கட்டினேன். கதவோரம் நின்ற கோகிலாக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, ஐயாவத் தொட வேண்டாம். பின்னாடி நின்னு இந்தச் சாக்க மட்டும் பிடிச்சுக்கிடுங்க." வாக்கரிலிருந்த துண்டை எடுத்துவிட்டு ஐயா முன்னால் வைத்தேன். பொள்ளாச்சியை நினைத்தாரோ என்னவோ, மறுக்காமல் பிடித்துக்கொண்டார்.

கோகிலாக்கா நான் காட்டியபடி பிடிக்கவில்லை. தொங்கிய முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை அகட்டி, மாட்டைப் பிடிப்பது போலவே பிடித்தார். இரண்டாவது அடியில் ஐயா சாய்ந்தார். அக்கா சுண்டி இழுத்து நிறுத்தினார். இழுத்த வேகத்தில், "ஹோ... ஹோய், நில்லு!" என்று தொழுவத்துக் குரலும் சேர்ந்தே வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐயாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து முன்னால் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்க்காமல் மருமகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"என்ற ஊட்டுல மாட்டுக்குக் கெடைக்கற கவனிப்பு இப்பத்தான் எனக்குக் கெடைச்சிருக்குது. கவுத்த உட்ராத கண்ணு."

வீடியோ கால்

பொள்ளாச்சிப் பேச்சு அதோடு நின்றது. நான் மலையேறினேன். நான் இல்லாத மாதங்களில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்து வீட்டு மேரியக்கா. தன் வீட்டில் உலை வைக்கும்போது அம்மாவுக்கும் சேர்த்து அரிசி போடுகிறவர். நான் போய்ச் சேர்ந்த பிறகும் கண் மருந்து ஊற்றும் வேலையை அவர் எனக்கு விட்டுத்தரவில்லை.

கோகிலாக்கா வீடியோவில் கூப்பிட்டார். ஐயா வாசலைத் தாண்டித் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், பால் ஊற்றப் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க. போனைப் பிடித்திருந்தது சம்பந்தி. அக்காவின் இரண்டு கையும் சாக்கில். அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, போனை முகத்தருகே கொண்டுபோனாள்.

"ஏட்டி, அது என் சாக்குல்லா! அந்தப் பெரியவர நல்லா நடக்கச் சொல்லு. நடந்து முடிச்சதும் துவைச்சு அனுப்பச் சொல்லு."

சாக்கு இன்னும் பள்ளிவாசல் போய்ச் சேரவில்லை. வாக்கரே தேவையில்லாமல் போன பிறகும் ஐயா அதைக் கட்டாமல் தொழுவத்துக்குக் கிளம்புவதில்லை, கோகிலாக்கா அதன் முனையை விடுவதில்லை, சம்பளம் வாங்குகிற நான் பின்னாலேயே ஆரஞ்சு தின்றபடி போகிறேன்.