மேட்டு நகரம்தான் வேண்டும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடி பதித்த பெட்டிக்குள் நின்று ஊரார் தலைசீவிக்கொண்டிருக்க, அவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு குனிந்திருப்பார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் நன்றாக யோசிப்பார். யோசித்து முடித்ததும் பெரும்பாலும் பேசாமலே விட்டுவிடுவார். எங்கள் வீட்டில் வாய் எனக்கு, காது அவருக்கு என்று கல்யாணமான புதிதிலேயே பாகம் பிரித்துக்கொண்டோம்.

அவருக்குச் சித்தி மகன் ஒருவன் உண்டு. இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை, இவர் சீனியர். அவன் பேசினால் வார்த்தைக்கு வார்த்தை “அண்ணா”, “அண்ணி”, “பெரியம்மா” என்று ஒழுகும். எறும்பு மொய்க்காத குறைதான். அதனால் நான் அவனுக்கு வெல்லம் என்று பெயர் வைத்தேன். செல்லப் பெயர் என்று நினைத்து அவனும் மகிழ்ந்துபோனான்.

லிஃப்ட் ஒரு மாடியில் சரியாக நிற்பது பிரேக்கின் புண்ணியம். மாதாமாதம் அதைத் திறந்து பார்த்து நட்டுகளை முடுக்க வேண்டும். முடுக்கியதும் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு பெயின்ட் கோடு இழுப்பார்கள். பிறகு நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு புதிதாக, நேராக இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வெல்லம் இதில் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தான். ஸ்பேனரைத் தொடவே மாட்டான். பழைய கோட்டின் மேலேயே புதுப் பெயின்டைத் தீற்றிவிட்டு இறங்கிவிடுவான்.

அந்த மாதம் அவன் அப்படித் தீற்றியது நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில். “எல்லாம் பார்த்துட்டேன்ணா” என்றான். இவர் எட்டிப் பார்த்தார், கோடு பளிச்சென்று இருந்தது, அறையைப் பூட்டிவிட்டார். சில நாட்களில் லிஃப்ட் எங்கள் தளத்துக்கு அரையடி கீழே போய் நின்றது. காய்கறிப் பையோடு வெளியே கால் வைத்த என் மாமியார் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

கம்பெனியில் விசாரித்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே டப்பா மஞ்சள் பெயின்ட். யார் கோடு என்று எப்படிச் சொல்வது? “சீனியர் நான், பொறுப்பு என்னோடது” என்றார் இவர். அப்படிச் சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாராம். ‘இல்லண்ணா, நான்தான்’ என்று அவன் சொல்லுவான் என்று எதிர்பார்த்தாராம். வெல்லம் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காதவன் கண்ணைத் திறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் என் அத்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குழாய் உடைந்தாற்போல் அழுதான். சக்கர நாற்காலி தள்ளினான், தலையணையை நிமிர்த்தி வைத்தான். “பெத்த பிள்ளை லிஃப்டுல தள்ளிவிட்டான், தங்கச்சி பிள்ளை தாங்கிப் பிடிச்சான்” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை சொன்னார். கேட்டுக்கொண்டு இவர் ஜன்னலோரமாக நின்றிருந்தார்.

அன்றிலிருந்து அத்தை இவரிடம் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கேட்பார். மாத்திரை தீர்ந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்பார். மகன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அத்தை அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்துப் பேசுவார். நடந்ததை இவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் நான் பிடுங்கியதால். “அத்தைகிட்ட சொல்லித் தொலைங்களேன்” என்று எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டேன். “விடு” என்பார். நானே சொல்லிவிடுகிறேன் என்றால், “நீ சொன்னா நான் சொல்லச் சொன்ன மாதிரி ஆயிடும்” என்பார். அவர் விட்டார். நான் விடவில்லை. வெல்லத்தின் வாயாலேயே அத்தையிடம் உண்மையைச் சொல்ல வைக்காமல் ஓய்வதில்லை என்று மனத்துக்குள் சபதம் போட்டேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது.

அதற்குள் வெல்லம் வெளிநாடு போய்விட்டான். சில வருஷம் கழித்து இவருக்கும் அங்கே அவன் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. அவர்கள் பார்த்துக்கொள்ளும் ஊர்கள் இரண்டு. ஆற்றுக்கு இந்தக் கரையில் துறைமுக நகரம், அந்தக் கரையில் மேட்டு நகரம். நடுவில் ஒரு பாலம், ரயிலில் கொஞ்ச நேரம். எந்த ஊர் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். வெல்லம் இருந்தது துறைமுக நகரத்தில்.

நான் துறைமுகம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எதிர்வீட்டிலேயே குடியேறி, தினமும் அவன் கண்ணில் விழுந்து, தூக்கம் வராமல் அடிக்க வேண்டும் என்பது என் திட்டம். சொந்தக்காரர்கள் எல்லோரும் “தம்பி இருக்கிற ஊருக்குப் போறதுதான் முறை” என்றார்கள். என் நோக்கம் தெரியாமல் என் கட்சியில் சேர்ந்தார்கள், பாவம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்லமே போன் செய்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அண்ணா, யோசிக்கவே யோசிக்காதீங்க, நம்ம ஊருக்கே வந்துடுங்க. மேட்டு நகரத்துல ஒரே ஏத்தம் இறக்கம். அண்ணிக்கு முட்டி போயிடும்.”

“வேலை எப்படிடா?” என்றார் இவர்.

“வேலை சுகம்ணா. ஒரே ஒரு தொல்லைதான். இந்த ஊர் லிஃப்டை இந்த ஊர் ஆளு செக் பண்ணக் கூடாதாம். பழகினவன் பழகினவனைக் காட்டிக்கொடுக்க மாட்டானாம். அதனால மேட்டு நகரத்துக்காரன் இங்க வந்து நம்ம வேலையைப் பார்ப்பான், நாம அங்க போய் அவங்க வேலையைப் பார்ப்போம். பெயின்ட்கூட ஆளுக்கொரு கலர். நீங்க இங்க வந்தா நாம ஒரே பக்கம்ணா. ஒருத்தரை ஒருத்தர் செக் பண்ற சங்கடமே இல்ல.”

கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டேன். எதிர்வீட்டில் குடியேறிப் பழிவாங்கப் பார்த்தேனே, என்னைப் போல மடச்சி உண்டா? பக்கத்தில் போனால் இவர் கை அவன் லிஃப்டைத் தொடவே முடியாது. எட்டி இருந்தால்தான் எட்டும்.

“மேட்டு நகரம்தான் வேணும்” என்றேன், போன் வைத்ததும்.

“நீதானே துறைமுகம்னு ஒத்தைக்கால்ல நின்ன?”

“இப்ப ரெண்டு கால்லயும் நின்னு சொல்றேன்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அத்தைக்குத்தான் கோபம். “அந்தப் பிள்ளை ஊருக்குப் போனா அவனாவது இவனைப் பார்த்துப்பான்னு நினைச்சேன்” என்று சுவரிடம் சொன்னார். கொஞ்சநஞ்சம் தயக்கம் இருந்திருந்தால் அதுவும் அத்தோடு போயிற்று. அத்தையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மேட்டு நகரத்தைப் பற்றி வெல்லம் சொன்னது பொய்யில்லை. எங்கள் தெருவே பாதி படிக்கட்டு. பால் வாங்க இறங்கினால் ஏறும்போது பாலே தயிராகிவிடும்போல் இருக்கும். வீடு சலவைக் கடைக்கு மேலே. இயந்திரம் சுழலும்போது சமையலறைக் கரண்டிகள் கிடுகிடுக்கும். முட்டி வலித்தது. வலித்தபோதெல்லாம் வெல்லத்தை நினைத்துக்கொண்டேன், வலி தெரியவில்லை. இவருக்குக் கம்பெனியில் பச்சைப் பெயின்ட் கொடுத்தார்கள். வெல்லத்தின் நிறம் நீலம் என்று அவன் வாயிலிருந்தே கறந்தேன். வீட்டுக்கு வந்து வாய் நிறைய “அண்ணி” என்றான். நானும் வாய் நிறையச் சிரித்தேன்.

யார் யாருடைய லிஃப்டைச் சோதிப்பது என்று ஆபீஸில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இவர் துறைமுக நகரம் போய்வந்த மாலையெல்லாம் வாசலிலேயே கேட்பேன்.

“இன்னைக்கு யாரோட லிஃப்ட்?”

“ஒரு பெரியவரோடது. கோயில் மாதிரி வெச்சிருக்கார்.”

முகம் தெரியாத அந்தப் பெரியவரை நான் மனமாரத் திட்டினேன். அடுத்த முறையும் பெரியவர். அதற்கடுத்த முறை யாரோ ஒரு பெண். அவளும் ஒழுங்காக வேலை செய்து தொலைத்தாள்.

ஒரு சனிக்கிழமை இவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

“முதியோர் இல்லம். நீலக் கோடு. புதுசா, நேரா இருந்துச்சு.”

“அப்புறம்?”

“சுரண்டினேன். அடியில தூசி, துரு. நட்டு விரலாலேயே சுத்துச்சு. லிஃப்டைப் பூட்டிட்டு அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்.”

எனக்குக் கூத்தாடலாம்போல் இருந்தது. அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். “லிஃப்ட் வாசல்ல ஒரு அம்மா வாக்கரோட காத்துக்கிட்டு இருந்தாங்க” என்றார். கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை மூடவில்லை.

அன்று சாயங்காலமே வெல்லம் வந்தான். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஆப்பிள் பை. லிஃப்ட் பூட்டிய செய்தி அவனுக்கு முதியோர் இல்லத்து வாட்ச்மேன் மூலம் போயிருந்தது. ஆபீஸுக்குப் போன செய்தி போகவில்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது புரிந்துவிட்டது.

“அண்ணா, ஒரே ஒரு தடவை மன்னிச்சுடுங்க. இப்பவே போய் முடுக்கிடறேன். ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க, என் பொழப்பே போயிடும்.”

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“உட்காருங்க தம்பி. முதல்ல உங்க பெரியம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. நம்ம பழைய லிஃப்ட்ல யாரு ஸ்பேனர் தொடாம பெயின்ட் அடிச்சதுன்னு சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.”

வெல்லம் இவரைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்பதுபோல. இத்தனை வருஷம் இவர் பேச்சைக் கேட்டதற்கு அன்று ஒருநாள் கேட்கவில்லை. நானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் கொடுத்தேன்.

“பெரியம்மா...” என்று தொடங்கும்போது அந்தக் குரலில் பழைய இனிப்பு இருந்தது. போகப் போகக் கரைந்துவிட்டது. திக்கினான், திணறினான், ஆனால் சொல்லிவிட்டான். பிரேக்கைத் திறக்கவே இல்லை என்றான். அண்ணன் பழியை ஏற்றுக்கொண்டபோது பயத்தில் பேசாமல் நின்றுவிட்டேன் என்றான். அத்தை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில், “அவன்கிட்ட குடு” என்றார்.

போன் கை மாறியது. வெல்லம் என் பக்கம் சாய்ந்து, “அண்ணி, சொல்லிட்டேன். அந்த லிஃப்ட் விஷயம்...” என்று முனகினான்.

“அதுவா தம்பி? உங்க அண்ணன் ஆபீஸ்ல அப்பவே சொல்லிட்டாரே” என்றேன்.

அவன் முகம் போன போக்கை நான் ஆசைதீரப் பார்த்தேன். எனக்கு வெட்கமில்லை. ஆப்பிள் பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனான். இதற்காகத்தானே அந்தப் படிக்கட்டையெல்லாம் ஏறினேன் என்று தோன்றியது.

திரும்பினால், இவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அத்தை அழுதுகொண்டிருந்தார்.

“ஏன்டா, அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ கேக்கலையேம்மா” என்றார் இவர்.

குரல் உயரவில்லை. ‘மழை வரலையே’ என்பதுபோலத்தான் சொன்னார். சபதம் போட்டவள் நான். ஆனால் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தவர் அவர். அந்தப் பக்கம் அத்தையின் தேம்பல் மட்டும் கேட்டது. இவர் நகரவில்லை, ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

“வயசானவங்க, விடுங்க” என்று நான்தான் கெஞ்சினேன். “நீங்களே ஏதாவது பேசுங்களேன்.”

அவர் தலையசைத்து மறுத்தார்.

“அம்மாவே என்னைக் கேக்கட்டும்” என்றார். “கேட்டாத்தான் சொல்லுவேன்.”